உங்க டயர் எத்தனை நாள் தாங்கும்?

"இது டயரா ஸார், இல்லே வடை தட்டுற வாழை இலையா? இவ்ளோ வழவழன்னு இருக்கே!"

வேளச்சேரி பஞ்சர் கடை பாய் என் மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. பதில் சொல்லும் நிலைமையில் நான் இல்லை. வலது முழங்கையில் எட்டணா அளவுக்குத் தோலைக் காணோம். பேன்ட்டில் முழங்கால் பக்கம் ஒரு ஜன்னல். பக்கத்தில் ட்யூஷன் பையைக் கட்டிப் பிடித்தபடி என் பெண். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். இருந்தாலும் பதினோராவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது ரொம்பச் சாதாரணம். சாயங்காலம் முதல் மழை, பத்து நிமிஷத் தூறல். சிக்னலில் மஞ்சள் விழுந்தது. நல்ல பிள்ளையாக பிரேக் போட்டேன். பின் சக்கரம் ஜீப்ரா கிராஸிங்கின் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. அடுத்த விநாடி வண்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். வேகம் இருபதுகூட இருக்காது. பின்னால் வந்த மாநகரப் பேருந்தின் டிரைவர் சரியான நேரத்தில் பிரேக்கை மிதித்தார். அவர் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு.

"ஆனா பாய், இந்த டயர் 20,000 கிலோமீட்டர் வரும்னு சொன்னாங்களே... 17,300-தானே ஓடியிருக்கு?" என்றேன் பரிதாபமாக. டைரியில் மீட்டர் கணக்கு எழுதி வைக்கிற ஜாதி அடியேன். என் கணக்குப்படி அந்த டயருக்கு இன்னும் 2,700 கிலோமீட்டர் ஆயுசு பாக்கி இருந்தது!

பாய் சிரித்தார். "டயர் உங்க டைரியைப் படிக்குமா ஸார்?"

அன்றிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம். டயர் எத்தனை நாள் தாங்கும் என்று கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டேன். பதில்கள் இருக்கின்றனவே... ஒருத்தர் 40,000 என்றார். இன்னொருத்தர் 10,000-த்தில் கழற்றினாராம். இருவரும் சத்தியம் செய்யாத குறை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் நிஜமாகவே இருக்கலாம்.

கடைக் கணக்கு சுமாராக இப்படி: 100, 125 சி.சி. வண்டிகளில் பின் டயர் 20,000-லிருந்து 30,000 வரை சர்வசாதாரணமாக வரும். பதமாக ஓட்டினால் அதற்கு மேலும் வரும். என்னுடையது போன்ற 350 சி.சி. குண்டோதரன்களுக்கு 12,000-லிருந்து 20,000. பல லட்சம் கொடுத்து வாங்குகிற பெரிய பைக்குகளுக்கு 10,000 வந்தாலே சந்தோஷம். விலை ஏற ஏற ஆயுசு குறைகிறது! காரணம் எடையும் இழுவையும். 100 சி.சி. வண்டி 110 கிலோ சொச்சம். 350 சி.சி. வண்டி 195 கிலோவைத் தொடுகிறது. அதன் மேல் நான் ஒரு 82 கிலோ. எஞ்சினின் மொத்த முறுக்கையும் ரோட்டில் இறக்குவது பின் டயர் ஒன்றுதான். அதனால்தான் முன் டயர் ஒன்று தேய்வதற்குள் பல வண்டிகளில் பின் டயர் இரண்டு தேய்ந்துவிடுகிறது.

சரி, பழையதைக் கழற்றியாயிற்று. புதுசு என்ன போடுவது?

"டூரிங் டயர் போடு, பிரமாதமா உழைக்கும்" என்றான் நண்பன். அவன் மாசத்துக்கு ஒரு தடவை ஏற்காடு, வால்பாறை என்று கிளம்பிவிடுகிற பிரம்மச்சாரி. நான் சுற்றுகிற டூர் மேடவாக்கத்துக்கும் கிண்டிக்கும் நடுவில். இடையில் பள்ளிக்கரணையில் கொத்தமல்லிக் கட்டு வாங்க ஒரு ஸ்டாப். எனக்கெதற்கு டூரிங் டயர்?

பாயிடமே கேட்டேன். அவர் கொடுத்த விளக்கத்துக்குக் காலேஜில் டிப்ளமாவே தரலாம்.

டயர் ரப்பரில் இரண்டு குணம் உண்டு. மெத்தென்ற ரப்பர் ரோட்டை நன்றாகக் கவ்வும், ஆனால் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் ஈரத்தில் கொஞ்சம் கை விடும். ரேஸ் டயர் முதல் ரகம். மூட்டை தூக்குகிற வண்டிக்குப் போடுவது இரண்டாவது ரகம். டூரிங் டயர் இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணி வைத்த ரகம். சில டயர்களில் நடுப் பட்டையில் கடின ரப்பரையும், வளைவில் சாயும்போது தரையைத் தொடுகிற ஓரங்களில் மெத்தென்ற ரப்பரையும் வைத்துச் செய்கிறார்கள். நேராகப் போகும்போது உழைப்பு, சாயும்போது பிடிமானம்.

"ஆனா ஸார், டூரிங்னு பேர் இருக்குன்னு டவுன்ல அதே கணக்கு வராது. மதுரைக்குப் போறீங்க... 460 கிலோமீட்டர். டோல்கேட்டை விட்டா எங்க நிக்கப் போறீங்க? ஒரே சீரா உருளும். இங்கே? நிறுத்து, கிளப்பு, நிறுத்து, கிளப்பு! ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும், கிளப்பும்போதும் ரோடு கொஞ்சம் ரப்பரை உரிச்சு வச்சுக்குது."

மறுநாள் எண்ணிப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஆபீஸ் போவதற்குள் சிக்னல், பஸ் ஸ்டாப், குறுக்கே வந்த மாடு எல்லாம் சேர்த்து 41 தடவை பிரேக். திரும்பி வரும்போது எண்ணுவதை விட்டுவிட்டேன், பயமாக இருந்தது. மதுரைக்குப் போகிற 460 கிலோமீட்டரை நான் பதினாறு ஆபீஸ் நாளில் ஓட்டி முடிக்கிறேன். மதுரைக்குப் போகிறவன் இத்தனை தடவை பிரேக்கை மிதித்தால் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனைவி விழுப்புரத்திலேயே இறங்கிவிடுவாள்.

இன்னொன்று. நகரத்தில் நாம் வண்டியைச் சாய்ப்பதே இல்லை. எல்லாம் நேர்க்கோட்டு ஊர்வலம். அதனால் டயரின் நடுப்பாகம் மட்டும் தேய்ந்து, உருண்டையாக இருந்தது சப்பையாகிவிடுகிறது. ஓரத்தில் பார்த்தால் பட்டன் பளிச்சென்று புதுசாக இருக்கும். 'இன்னும் நிறைய இருக்கே' என்று நம்மை ஏமாற்றுவது இந்த ஓரம்தான். என்னையும் ஏமாற்றியது. ஊட்டி மலைப் பாதையில் இப்படிச் சப்பையான டயரோடு திரும்பினால், வண்டி பெஞ்சின் விளிம்பிலிருந்து உருளுகிற மாதிரி சட்டென்று சாயும்.

தேய்ந்ததா, இல்லையா என்று கண்டுபிடிக்க டயரிலேயே ஒரு ஜோசியர் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாட்டில், பட்டன் ஆரம்பிக்கிற இடத்தில், 'டி.டபிள்யூ.ஐ.' என்று மூன்று எழுத்தோ அல்லது ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பாருங்கள். ஒரு சின்ன ரப்பர் மேடு. இரு சக்கர வண்டி டயரில் அதன் உயரம் 0.8 மில்லிமீட்டர். சுற்றியுள்ள பட்டன் தேய்ந்து தேய்ந்து இந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டதென்றால் டயரின் கதை முடிந்தது. அதற்கு மேல் ஓட்டுவது சட்டப்படியும் தப்பு. என் டயரில் மேடும் பள்ளமும் எப்போதோ ஒன்றாகி, சமத்துவம் மலர்ந்திருந்தது!

மழையில் அந்தப் பள்ளங்கள்தான் தண்ணீரை வாங்கிப் பக்கவாட்டில் துப்புகின்றன. டயர் ரோட்டைத் தொடுகிற இடம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அகலம். முன்னே ஒரு உள்ளங்கை, பின்னே ஒரு உள்ளங்கை. இந்த இரண்டு கையை நம்பித்தான் குடும்பமே பின்னால் உட்கார்ந்து வருகிறது. அந்த இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வெளியே போக வழியில்லாவிட்டால் ஜீப்ரா கிராஸிங், சாக்கடை மூடி, ரயில்வே கேட் தண்டவாளம் எல்லாமே சோப்புப் போட்ட தரைதான். அதிலும் முதல் பத்து நிமிஷ மழை இருக்கிறதே... பல நாளாக ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் குழைந்து வழுக்குகிற நேரம் அது. கொட்டோ கொட்டென்று கொட்டி ரோடு கழுவி விட்ட பிறகு அவ்வளவு மோசமில்லை. கடைத் திண்ணையில் ஒதுங்கி நின்று ஒரு டீ குடிப்பது உடம்புக்கு நல்லது.

* * *

பாய் கடையில்தான் அந்தத் தம்பியைப் பார்த்தேன். சாப்பாட்டு டெலிவரிப் பையன், இருபத்திரண்டு வயசிருக்கும். முதுகில் பெரிய பெட்டி. பின் டயரில் பட்டன் போய், ரப்பரும் போய், உள்ளே நூல் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று நூல்!

"தம்பி, இத்தோட எத்தினி நாளா ஓட்றே?"

"பத்து நாள்தான் பாய். இந்த வாரம் மட்டும் தாங்கினா போதும். சனி, ஞாயிறுதான் ஆர்டர் ஜாஸ்தி."

கேட்டு விசாரித்தேன். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர். மாசத்துக்கு 26 நாள். ஆக, மாசம் 3,000-த்துக்கு மேல். நான் இரண்டேகால் வருடத்தில் ஓட்டுகிற 20,000-த்தை அவன் ஆறரை மாசத்தில் முடித்துவிடுகிறான். நமக்கெல்லாம் டயர் தீபாவளிச் செலவு மாதிரி எப்போதோ வருவது. அவனுக்கு அது வருடத்தில் இரண்டு தடவை கட்டுகிற ஸ்கூல் ஃபீஸ். மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. டயர் விலை அவனுடைய மூன்று நாள் வருமானம். மாற்றுகிற நேரத்தில் போகிற ஆர்டர் தனி.

"செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு கிடைக்குதாம் பாய், ஐந்நூறு ரூபா. பட்டன்லாம் நல்லா ஆழமா இருக்கு..."

பாய்க்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "அது பட்டன் இல்லடா, வெட்டின கோடு! மொட்டை டயரை எடுத்து, சூடான கத்தியால பள்ளம் கீறி, கறுப்பு பாலீஷ் அடிச்சு விப்பானுங்க. இருக்கிற கொஞ்ச ரப்பரையும் கீறிட்டா நூலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல என்னடா மிச்சம்?"

அப்புறம் பாய் உள்ளே போய்ப் புது டயர் ஒன்றை எடுத்து வந்தார். "வாரம் முன்னூறு குடு" என்றார். பையன் வாயே திறக்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்து, தானே சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்துவிட்டான். எனக்கு அதுவரை என் 17,300 பெரிய சாதனையாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

* * *

இதற்கு நேர் எதிர் கேஸ் கும்பகோணத்தில் என் சித்தப்பா. 2014-ல் வாங்கிய வண்டி. கோயில், காய்கறிக் கடை, பேங்க் தவிர வேறு எங்கும் போனதில்லை. மீட்டரில் மொத்தமே 11,000. கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் அப்படியே இருக்கிறது.

"பாருடா, பட்டன் புதுசு மாதிரி இருக்கு. நீயெல்லாம் என்னத்தை வண்டி ஓட்டறே!" என்றார் பெருமையாக.

நான் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் பார்த்தேன். அங்கே நாலு இலக்கம் ஒன்று அச்சடித்திருக்கும். அதுதான் டயரின் ஜாதகம். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 1823 என்றிருந்தால் 2023-ம் வருடத்தின் 18-வது வாரம், அதாவது மே மாத ஆரம்பம். சித்தப்பா வண்டியில் 0814. 2014 பிப்ரவரியில் பிறந்த டயர்! அதைச் சுற்றி, கோடையில் வெடித்த ஏரி மாதிரி மெல்லிய விரிசல்கள்.

ஓடாத டயருக்கும் வயசாகும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அதைத் தடுக்க டயர் செய்யும்போதே மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். வண்டி ஓடி, டயர் நசுங்கி நிமிரும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து தோலைக் காப்பாற்றும். நின்றே கிடக்கிற வண்டியில் அந்தக் கசிவு சரியாக நடக்காது. தோல் காய்ந்து வெடிக்கிறது. ஐந்து வருடம் ஆனதும் வருடாவருடம் ஒரு தடவை டயரைத் தெரிந்தவரிடம் காட்டு, பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் இருந்தாலும் கழற்று என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்கிற புத்தி. புது டயர் வாங்கும்போதும் இந்த நாலு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். கடை மூலையில் மூன்று வருடம் தூங்கியதை 'புதுசு ஸார்' என்று தலையில் கட்டிவிடப்போகிறார்கள்.

(இந்த ரசாயனங்களில் ஒன்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. டயர் தேய்ந்து தூசியாகி, மழைத் தண்ணீரோடு ஆற்றில் கலக்கிறபோது அதிலிருந்து உண்டாகிற ஒரு பொருள் 'கோஹோ' என்ற ஜாதி சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நம் டயரிலிருந்து காணாமல் போன ரப்பர் எங்கேயோ போய்ச் சேரத்தானே வேண்டும்!)

இத்தனையும் சித்தப்பாவிடம் விளக்கினேன். அவர் நிதானமாகப் பொடி போட்டுக்கொண்டார். "டேய், எனக்கு வயசு 74. டயருக்குப் பத்து வயசாயிடுத்துன்னு தூக்கிப் போடச் சொல்றியே, அப்ப என்னை என்னடா பண்ணப் போறே?"

பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன். அடுத்த மாசம் அவரே போன் செய்தார். பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட ஆரம்பித்திருக்கிறாராம். "நேத்திக்கு ரெண்டு டயரையும் மாத்திட்டேன். கடைக்காரன்கிட்ட அந்த நாலு நம்பரைப் பார்த்துத்தான் வாங்கினேன், தெரிஞ்சுக்கோ!"

* * *

டயரை முதலில் கொல்வது ரோடு இல்லை, நாம் காற்றைக் கவனிக்காததுதான் என்பது பாயின் கட்சி. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். "எவ்ளோ ஸார்?" என்று பையன் கேட்பான். நாம் செல்போனைப் பார்த்துக்கொண்டே "போடுப்பா" என்போம். அவன் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவாக ஏற்றிவிடுவான். அளவுக்கு மேல் ஏற்றினால் டயர் புடைத்து நடுப்பாகம் மட்டும் ரோட்டைத் தொட்டுச் சீக்கிரம் தேயும். பிடிமானமும் குறையும். குறைந்தால் இன்னும் மோசம். டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும், ஓரங்கள் தேயும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். பஞ்சர் இல்லாமலே மாசத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் தானாக இறங்கிவிடும். டியூப் போட்ட டயரில் கொஞ்சம் கூடுதலாகவே.

சரியான அளவு உங்கள் வண்டியிலேயே, செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்குகிற கம்பியிலோ ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். தனியாகப் போனால் எவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். என் வண்டியில் அந்த ஸ்டிக்கரைத்தான், முதல் ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போது அழுக்கு என்று நினைத்து நான் சுரண்டி எடுத்திருந்தேன். அளக்கிறபோது டயர் சூடாக இருக்கக்கூடாது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போய் அளந்தால் உள்ளே காற்று விரிந்து கூடுதலாகக் காட்டும். வீட்டுப் பக்கத்து பங்க்கில், காலையில் கிளம்பினதும் பார்ப்பது உத்தமம்.

கடைசியில் டூரிங் டயரே போட்டுக்கொண்டேன். போட்டதும் பாய் ஒரு கண்டிஷன் போட்டார். "நூத்தம்பது கிலோமீட்டர் வரைக்கும் மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி ஓட்டணும். புது ரப்பர் மேல ஒரு வழவழப்பு இருக்கும். அது போற வரைக்கும் சாய்க்கிறது, சடன் பிரேக் எல்லாம் கூடாது." ஐந்து நாள் அப்படித்தான் ஓட்டினேன். சைக்கிள்காரர்கள்கூட என்னை முந்திக்கொண்டு போனார்கள்.

இப்போது அந்த டயரில் 14,100 ஓடியிருக்கிறது. டைரியில் எழுதுவதை நான் நிறுத்தவில்லை, பழக்கதோஷம். ஆனால் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அந்த 0.8 மில்லிமீட்டர் மேட்டை என் பெண்தான் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். போன வாரம் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்பா, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"வெயில் நாளா இருந்தா இன்னும் ரெண்டு மாசம் ஓட்டுங்கன்னு சொல்வேன். ஐப்பசி வருதே ஸார்..."

வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு, அப்பாவும் பெண்ணும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம்.